சுவரைப் பார்க்கும் டப்பா

அன்புள்ள சின்ன முதலாளிக்கு,

அப்பா எழுதுறேன். இங்க நானும் அம்மாவும் சுகமா இருக்கோம், என் முழங்காலை மட்டும் இந்தக் கணக்குல சேத்துக்காத. நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூக்கத்தைக் கெடுத்துக்காம, உடம்பைப் பாத்துக்கிட்டு இருப்பேன்னு நம்பிக்கிட்டு இருக்கேன். தினமும் போன்ல பேசுற மனுஷனுக்கு இப்ப என்ன திடீர்னு பேப்பரும் பேனாவும்னு நீ முழிப்ப. காரணம் இருக்கு. நாம போன்ல பேசுறப்ப உங்க அம்மா பக்கத்துலயே உக்காந்திருப்பா. பேசவும் மாட்டா, எழுந்து போகவும் மாட்டா. சாப்ட்டாளான்னு கேளுங்கன்னு என் விலாவுல இடிப்பா, நான் கேட்டு நீ பதில் சொன்னதும், யார் கேட்டாங்கன்னு மூஞ்சியைத் திருப்பிக்குவா. இது அவ காதுல விழக் கூடாத விஷயம், அதனாலதான் கடிதம். இதோட சின்னதா ஒரு பார்சலும் வந்திருக்கும். முதல்ல கடிதத்தைக் கடைசி வரைக்கும் படி, அப்புறமா பார்சலைப் பிரி. மாத்திச் செஞ்சேன்னா ஒண்ணும் விளங்காது, என்னைப் போன் பண்ணித் திட்டுவ, அதுவும் அவ காதுல விழும்.

கடை விஷயத்துக்கு வர்றேன். நீ இங்க இருந்தப்பவே வீடியோ கேம் வாடகைக் கடைங்கிறது ஈ ஓட்டுற தொழில்தான். இப்ப அந்த ஈயும் வேற இடம் பாத்துக்கிச்சு. எல்லாரும் கேமைப் போன்லயே இறக்கிக்கிறாங்க, மிச்சம் இருக்கிறவங்க மாசச் சந்தா கட்டி உன் கம்பெனி மாதிரி இடத்துலேர்ந்து வீட்டுக்கே வரவெச்சுக்கிறாங்க. தப்பா எடுத்துக்காத கண்ணு, உன் பொழப்பை நான் குறை சொல்லல. சொல்றது உங்க அம்மாதான். கையில பிடிக்க முடியாத பொருளை எப்படி வாடகைக்கு விடுவாங்க, விட்டா எப்படித் திரும்ப வாங்குவாங்க, சிடி இல்ல, டப்பா இல்ல, என்ன கடை அதுன்னு கேக்குறா. நீ அங்க வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து உன் பேரு எதிர்க்கடைக்காரி. போன் அடிச்சா, எதிர்க்கடையிலேர்ந்து கூப்புடுறாங்க எடுங்கங்கறா. நம்ம கல்லாவுல உக்காந்து வளர்ந்தவ, தொழில் ரகசியத்தையெல்லாம் அங்க கொண்டுபோயிட்டான்னு புலம்பல் வேற. அப்படி என்னம்மா நம்ம கடையில ரகசியம், சிடியை வாயால ஊதிட்டுச் சட்டை முனையில துடைக்கிறதுதானேன்னு நான் சும்மா இருக்காம வாயைக் கொடுத்துட்டேன். அந்த வாரம் பூரா எனக்கு ஆறின காபிதான்.

இப்ப ஒழுங்கா வர்ற வாடிக்கையாளர்னா நம்ம தையல்காரர் ஒருத்தர்தான். அவரு மீன் பிடிக்கிற கேமை எடுத்து, கடையில இருக்கிற டிவியிலேயே போட்டுப் பாத்துட்டுப் போவாரு. தூண்டிலைத் தொட மாட்டாரு. ஏரியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு, பட்டன் தைக்கிற வேலை இருந்தா அதையும் கொண்டுவந்துடுவாரு. அதுல ஒரு செவப்பு மீன் வரும், அது வந்து போயிடுச்சுன்னா இவரும் எழுந்து போயிடுவாரு. அதுக்குப் பேர் வேற வெச்சிருக்காராம், என்ன பேருன்னு கேட்டா வெக்கப்படுறாரு. இவரை நம்பி எப்படிக் கடை நடத்துறது? நான்தான் யோசனை சொன்னேன். வாடகைக் கடைன்னா கேமைத்தான் விடணுமா, வேலைக்காலம் பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்ணினவன் நான், என்கிட்ட நல்ல ஏணி இருக்கு, ட்ரில்லிங் மெஷின் இருக்கு, அதை வாடகைக்கு விடலாமேன்னு. அவளும் சரின்னா. ஒரு பெயின்டர் ஏணியை எடுத்துட்டுப் போய்ச் சொன்ன தேதிக்குத் திருப்பிக் கொண்டுவந்தாரு. உங்க அம்மா அதை அப்படியும் இப்படியும் திருப்பிக் கீறல் பாத்தா. அப்புறம் கேம் சிடி திருப்புறவங்களைக் கேக்குற மாதிரியே, எதுவரைக்கும் போனீங்கன்னு கேட்டா. அவரு முழிச்சுட்டு, மேல் படி வரைக்கும் போனேங்கன்னாரு. அப்ப முடிச்சுட்டீங்க, நல்லாருந்துச்சா, எந்த இடம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுன்னு கேட்டா. அந்த மனுஷன் வாடகையைக் கல்லாவுல வெச்சுட்டு, பின்பக்கமாவே நடந்து வெளிய போயிட்டாரு. அதோட ஏணி வியாபாரம் முடிஞ்சுது.

அடுத்தது பல் டாக்டர் கதை. உனக்குக் கடவாய்ப் பல் பிடுங்கினாரே, அவரேதான். அவரு ஒரு சாகசக் கேம்ல ஒரு பாலத்துகிட்ட மாட்டிக்கிட்டாரு. பாலத்து நடுவுல ஒரு அரக்கன், அவனைத் தாண்டவே முடியல. கல்யாணத்துக்கு முன்னாடி மாட்டினவரு, இப்ப அவரு பொண்ணு காலேஜ் போகுது, அரக்கன் அங்கயேதான் நிக்கிறான். டாக்டரம்மா ஒரு நாள் கடைக்கு வந்து, இந்த மனுஷன் க்ளினிக் முடிஞ்சதும் நேரா பாலத்துக்குப் போயிடறாரு, வீட்டுல குழாய் ஒழுகிக்கிட்டே இருக்கு, நீங்க வந்து அந்தக் கட்டையில போறவனை ஒரு வழி பண்ணிக் கொடுங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. உங்க அம்மாவுக்கு வந்ததே ஒரு மிடுக்கு! தன்னோட சொந்த ஜாய்ஸ்டிக்கைத் துணியில சுத்திப் பையில வெச்சு, அந்தப் பையை என் கையில கொடுத்து, டாக்டர் வீட்டுக்கே டாக்டர் மாதிரி போனா. நான் பின்னாடி கம்பவுண்டர். போய் உக்காந்து, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சு, விரலைச் சொடுக்கி, அவங்க கொடுத்த டீ ஆறுறதுக்குள்ள அரக்கனை ஆத்துல தள்ளிட்டா. டாக்டரம்மா கை தட்டினாங்க. டாக்டர் மட்டும் பேயறைஞ்ச மாதிரி நின்னாரு. பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு தோட்டம், ரெண்டு மரம், சுபம்னு ஒரு எழுத்து. அவ்வளவுதான்.

மறுநாள் நாங்க கடை திறக்கப் போறோம், டாக்டர் எங்களுக்கு முன்னாடி வாசல்ல நிக்கிறாரு. அந்த அரக்கனைத் திருப்பிக் கொடுத்துடுங்கங்கறாரு. நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போனா என்ன பண்றதுன்னே தெரியல, குழாயை ரிப்பேர் பண்ணினேன், அப்புறமும் பொழுது இருந்துச்சுங்கறாரு. நல்லவேளை, உங்க அம்மா யாரோட கேமைத் தொட்டாலும் முதல்ல அவங்க மாட்டின இடத்தை ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டுத்தான் தொடுவா. அந்த மெமரி கார்டை எடுத்துக் கொடுத்தா. டாக்டர் அதைச் சட்டைப் பையில போட்டு மேல கையை வெச்சு அழுத்திக்கிட்டே போனாரு. இது எப்படியோ பரவிப்போச்சு. இப்ப இங்க ஆள் வர்றதே இதுக்குத்தான், ஜெயிச்சுத் தொலைச்சவங்களையெல்லாம் பழையபடி மாட்டிவிடறது. உங்க கம்பெனியில இந்த வசதி உண்டான்னு எதிர்க்கடைக்காரியைக் கேளுங்கன்னா. நான் உன்கிட்ட கேக்கல. ஆனா கேட்டேன், அங்க இல்லவே இல்லையாம்னு அவகிட்ட சொல்லிட்டேன். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. நீயா உளறிடாத.

இப்படி ஓடிக்கிட்டு இருந்தப்பதான் கட்டட ஓனர் வந்தாரு, கையில அளக்குற டேப்போட. கடையைக் காலி பண்ணணுமாம், நாய்க்கு முடி வெட்டிக் குளிப்பாட்டுற கடை வரப்போகுதாம். நான் சண்டை வரும்னு பயந்து ஸ்டூலை ஓரமா நகர்த்தி வெச்சேன். உங்க அம்மா சண்டை போடல. தாராளமா எடுத்துக்கோங்க தம்பி, ஆனா ஒரு சிடி வெளிய இருக்கு, அது வந்ததும் காலி பண்றேன்னா. சொல்லிட்டு அலமாரியைக் காட்டினா. உனக்குத்தான் தெரியுமே, சிடி வாடகைக்குப் போனா அந்தக் காலி டப்பாவைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெப்பா, திரும்பி வந்ததும் முகத்தை நம்ம பக்கம் வெப்பா. அலமாரி பூரா எல்லா டப்பாவும் நம்மளைப் பாத்து நிக்குது, ஒண்ணே ஒண்ணு மட்டும் சுவத்தைப் பாத்து நிக்குது. எதுன்னு நான் சொல்லணுமா? நீயும் அவளும் ஆடுவீங்களே, அந்தப் படகுக் கேம். ஒரு துடுப்பு உன்கிட்ட, ஒரு துடுப்பு அவகிட்ட, ரெண்டு பேரும் நீ முந்தி நான் முந்தின்னு வலிச்சு, படகு ஒரே இடத்துல வட்டம் போட்டுக்கிட்டு இருக்குமே, அதேதான். நீ ஊருக்குக் கிளம்பின அன்னைக்கு அந்த டப்பா காலியா இருந்துச்சு. நீதான் எடுத்துட்டுப் போயிட்டேன்னு அவ திருப்பி வெச்சது, இன்னும் அப்படியே நிக்குது.

ஓனர், ஒரு சிடிக்காகவான்னு சிரிச்சாரு. உங்க அம்மா சிரிக்கல. சுவத்துல அவ கையால எழுதி மாட்டியிருக்கிற போர்டைப் படிக்கச் சொன்னா. வெளியே போன சிடி உள்ளே வராமல் கடை மூடப்படாது, எடுத்தவரே நேரில் கொண்டு வர வேண்டும்னு இருக்கே, அது. அதெல்லாம் அந்தக் காலத்து விதின்னாரு அவரு. உங்க அம்மா, தம்பி, நீங்க டவுசர் போட்ட காலத்துல ஒரு நாள் மழையில மாட்டிக்கிட்டு, நேரம் போய்ச் சிடியைக் கொண்டு வந்தீங்களே, அன்னைக்கு இந்த ஷட்டர் யாருக்காகப் பாதி திறந்திருந்துச்சுன்னு கேட்டா. அந்த மனுஷன் டேப்பைச் சுருட்டிப் பையில போட்டுக்கிட்டாரு. உனக்கு ஒரு விஷயம் சொல்லலையே, நீ போன நாள்லேர்ந்து ஷட்டரை அவ முழுசா இறக்குறதே இல்ல. கீழ ஒரு சாண் விட்டுட்டுத்தான் பூட்டுறா, அப்படிப் பூட்டுறதுக்கு நான்தான் ஒரு சங்கிலி போட்டுக் கொடுத்தேன். ஊர்ப் பூனையெல்லாம் அது வழியா உள்ள போய் கார் ரேஸ் அலமாரியில குடித்தனம் நடத்துதுங்க.

ஓனர் லேசுப்பட்டவர் இல்ல. எங்கேயோ பழைய சாமான் கடையில தேடி அதே படகுக் கேமை வாங்கி, அழகா பேப்பர்ல சுத்திக் கொண்டுவந்தாரு. இந்தாங்க சிடி, திருப்புங்க டப்பாவைன்னாரு. உங்க அம்மா அதை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, இது எங்களது இல்லன்னுட்டா. எங்களதுல ஓரத்துல ஒரு பல்லுத் தழும்பு இருக்கும், என் பொண்ணுக்குப் பால் பல்லு இருந்தப்ப கடிச்சதுன்னா. அவரு அந்த சிடியைக் கவுன்ட்டர்லயே விட்டுட்டுப் போயிட்டாரு. அந்த நாய்க் கடைக்காரர் வேற பாவம், முன்பணம் கொடுத்துட்டு நடுத்தெருவுல நிக்கிறாரு. கத்தரி, சோப்பு, வாளி எல்லாத்தோடவும் நம்ம வாசல்லயே தொழிலை ஆரம்பிச்சுட்டாரு. முறை வர்ற வரைக்கும் நாய்ங்க எங்க இருக்கும்? உள்ளதான். பூனைங்க மேல் தட்டுக்குப் போயிடுச்சு. தையல்காரர் ஏரியைப் பாக்குறாரு, பக்கத்துல நாய்ங்க வரிசையா உக்காந்து ஏரியைப் பாக்குது. அந்தச் செவப்பு மீன் வந்தா எல்லாம் சேர்ந்து குலைக்கும். தையல்காரர் கோவிச்சுக்குவாரோன்னு பாத்தா, வாயெல்லாம் பல்லு, என் மீனுக்கு என்னா மரியாதை பாத்தீங்களாங்கறாரு. குளிச்சு முடிச்ச நாய்ங்க நம்ம சிடி துடைக்கிற துணியிலதான் காயுது. இதுல உங்க அம்மா ஒவ்வொரு நாய்க்கும் மெம்பர் கார்டு எழுதிக்கிட்டு இருக்கா, உள்ள வந்தா மெம்பரா இருக்கணுமாம். நான் தலையில அடிச்சுக்கிட்டு அவளுக்குப் பேனா வாங்கிக் கொடுத்தேன்.

இந்தக் கூத்து எத்தனை நாளைக்கு? போன வாரம் ஓனர் வந்து கறாரா ஒரு பேச்சுப் பேசினாரு. அந்த சிடி நிஜமாவே வெளியதான் இருக்குன்னா, உங்க பொண்ணு அதைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு போட்டோ அனுப்பட்டும், பல்லுத் தழும்பு தெரியணும், அது வந்தா எத்தனை காலம் ஆனாலும் நான் காத்திருக்கேன், அப்படி வரலைன்னா அது தொலைஞ்சதுன்னு கணக்கு, மாசக் கடைசியில சாவியைக் கொடுத்துடுங்கன்னுட்டாரு. நியாயமான பேச்சுதான். உங்க அம்மா அவருக்குச் சரின்னுட்டு என் பக்கம் திரும்பி, நான் யார்கிட்டயும் கேக்கப் போறதில்லன்னா. அவ உன்கிட்ட கேக்க மாட்டா. நீயோ, நான் எடுக்கவே இல்ல, எத்தனை தடவை சொல்றதுன்னு போனவாட்டியே கத்தின. ரெண்டும் ஒரே அச்சு, ஒத்தக் கால்ல நிக்கிறதுல. நான் நடுவுல மாட்டின லிஃப்ட் மாதிரி. கடை போச்சுன்னா இவ என்ன ஆவா? காலையில எழுந்ததும் கடைச்சாவியைத் தேடுற பொம்பளை, நாளைக்கு எதைத் தேடுவா?

இப்ப விஷயத்துக்கு வர்றேன், உக்காந்து படி. நாய்க் கடைக்காரரோட முடி காய வைக்கிற மெஷின் நின்னுபோச்சு, உள்ள இருக்கிற சின்ன ஃபேன் எரிஞ்சுபோச்சு. அதே அளவுல ஒண்ணு வேணும்னு யோசிச்சப்ப, உன் ரூம்ல இருக்கிற பழைய கேம் மெஷின் ஞாபகம் வந்துச்சு. இஸ்திரி போடுற மேஜைக்கு ஒரு கால் குட்டையாச்சே, அதுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது அதுதான். நீ கிளம்பறதுக்கு முதல் நாள் சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் ஆடிக்கிட்டு இருக்கிறப்ப கரண்ட் ஏறி இறங்கி, புகை வந்து செத்துப்போச்சே, ஊருக்குக் கிளம்புற அவசரத்துல யாரும் திறந்து பாக்காம விட்டோமே, அந்த மெஷின். அதை உருவிக் கொண்டுவந்து, ஸ்க்ரூவைக் கழட்டி மூடியைத் தூக்கினேன். உள்ள படகுக் கேம் சிடி! ஓரத்துல பல்லுத் தழும்பு! நீ எடுத்துட்டுப் போகவே இல்ல. நீ சொன்னதுதான் நிஜம். நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன், அந்த முழங்காலோட.

முதல்ல சந்தோஷம், உடனே பயம். இதைக் கொண்டுபோய் அவ கையில கொடுத்தா என்ன ஆகும்? டப்பாவைத் திருப்பணும். திருப்பினா கடையை மூடணும். அவ ஒரு தடவை சொன்னா சொன்னதுதான், விதியை மீற மாட்டா. மெஷினுக்குள்ளயே திரும்ப வெச்சு ஸ்க்ரூ போட்டுட்டா, போட்டோ வராது, மாசக் கடைசியில கடை போயிடும். ரெண்டு பக்கமும் அடி. கடைசியா இந்த லிஃப்ட் மூளைக்கு ஒரு வழி தெரிஞ்சுது. சிடி வெளிய இருக்குன்னுதானே அவ சொல்லியிருக்கா, அப்ப வெளிய அனுப்பிட்டா அவ சொன்னது நிஜமாயிடும், யாரும் பொய் சொல்ல வேண்டாம். அதான் பார்சல். பிரிச்சுப் பாத்து பயந்துடாத, சிடியை உன் கையில பிடிச்சு, பல்லுத் தழும்பு தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அம்மாகிட்ட, தேடினேன், பெட்டி அடியில கிடைச்சுதுன்னு சொல்லிடு. இது பொய்தான், ஆனா சின்னப் பொய், என் பேர்ல எழுதிக்கோ.

இதுவரைக்கும் நேத்து எழுதினது. இன்னைக்குக் காலையில அவ கடைக்குப் போனதும் சாப்பாட்டு மேஜையில உக்காந்து சிடியைப் பார்சல் கட்டிக்கிட்டு இருந்தேன். பழைய நியூஸ் பேப்பரைச் சுத்தி, நூலைக் கட்டி, முடிச்சை விரலால அழுத்திக்கிட்டு இருக்கிறப்ப பின்னாடி நிழல் தெரிஞ்சுது. மெமரி கார்டு எடுக்கத் திரும்பி வந்திருக்கா. நாய்க் கடைக்காரருக்கு சோப்பு அனுப்புறேன்னு என்னமோ உளறினேன். அவ நேரா போய், அலமாரியைத் திறந்து, கடையில நல்ல சிடிக்கு மட்டும் போடுற அந்த மெத்துன்னு இருக்கிற துணி உறையை எடுத்து வந்து என் முன்னாடி வெச்சா. பேப்பர்ல சுத்தினா கீறல் விழும், இத்தனை நாள் கூட இருந்தும் இதுகூடத் தெரியலையான்னா.

அப்பதான் எனக்கு மண்டையில உறைச்சுது. சிடி காணோம்னு எவன் வந்தாலும், முதல்ல மெஷினுக்குள்ள பாருங்கன்னு சொல்றவ இவ. நான் கேட்டே எத்தனையோ தடவை. அப்படிப்பட்டவ தன் வீட்டு மெஷினுக்குள்ள பாக்காம இருந்திருப்பாளா? அந்த மெஷினை மேஜைக்கு முட்டுக் கொடுத்ததே அவதான், அதுவும் நீ கிளம்பின மறுநாளே. மேஜைக் கால் வாங்கிட்டு வர்றேன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், வேண்டாம், இது நல்லா உக்காந்திருக்குன்னு விடவே இல்லையே. தெரியும்ல உனக்குன்னு கேட்டேன். முடிச்சை அவிழ்த்து, சிடியை வெளிய எடுத்து, ஊதி, என் சட்டை முனையில துடைச்சு, உறைக்குள்ள போட்டா. அந்தப் பல்லுத் தழும்பு மேல ஒரு தடவை கட்டைவிரலை ஓட்டினா. அப்புறம் சொன்னா. திறந்து பாத்தா எடுக்கணும், எடுத்தா டப்பாவைத் திருப்பணும், திருப்பினா ஷட்டரை இறக்கிப் பூட்டணும், யாருமே வர வேண்டியதில்லன்னு ஆயிடும்ல, அதான் திறக்கலன்னா. அவ அழல, நான்தான் மூக்கை உறிஞ்சினேன். அதுக்கும் திட்டு வாங்கினேன்.

திட்டி முடிச்சுட்டு, என் திட்டம் பூராவையும் என் வாயாலயே சொல்ல வெச்சு, இந்தக் கடிதத்துல அவ பேச்சா இதையெல்லாம் எழுதச் சொன்னா, பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் இருக்கா. போட்டோவுக்கு நிக்கிறப்ப தலையை வாரிக்கணுமாம், ஓனர் பாக்கப்போறாராம். பெட்டி அடியில கிடைச்சுதுன்னு ஒண்ணும் கதை விட வேண்டாமாம், சிடி உன் பேர்ல போயிருக்கு, அவ்வளவுதானாம். யார் கையிலயும் கொடுத்து அனுப்பக் கூடாதாம், தபால்ல அனுப்பினா பிரிக்காமலே திருப்பி அனுப்பிடுவாளாம். எடுத்தவதான் கொண்டு வரணும், போர்டுல இருக்கு. நீ வந்து கவுன்ட்டர்ல வெச்சா, அன்னைக்கே டப்பாவைத் திருப்பி, சாவியை ஓனர் கையில கொடுத்துடுறேன், நாயும் பூனையும் கடையை வெச்சுக்கட்டும்னு சொல்றா. கடை போயிடுமேன்னு நான் கேட்டேன். கடைக்காகவா இவ்வளவு நாள் உக்காந்திருந்தேன்னு என்னைப் பாத்த பார்வை இருக்கே, நான் இந்த வீட்டுல என்ன ஒரு மக்குன்னு எனக்கே தெரிஞ்சுது.

அவ இப்ப கடைக்குப் போயிட்டா. அவ சொல்லாததை நான் சொல்றேன். தையல்காரர் ஒரு நாள், நான் வேணும்னா ஒரு துடுப்புப் பிடிக்கிறேங்க, ஓனர் வாங்கி வந்த சிடியில படகை ஓட்டிப் பாக்கலாமான்னு ஆசையா கேட்டாரு. அது வேற ஆளோட துடுப்புன்னு சொல்லிட்டா. நீங்க விட்ட இடம் மெமரி கார்டுல இருக்கு, அது கல்லாப் பெட்டியில அவ கண்ணாடிக்குப் பக்கத்துல கிடக்கு. அந்தப் பழைய மெஷினை நான் சரி பண்ணிடுறேன், நாய்க்கு வேற ஃபேன் பாத்துக்கலாம். வந்து கவுன்ட்டர்ல சிடியை வெக்கிறதுக்கு முன்னாடி, முதல்ல வீட்டுக்கு வா. ரெண்டு பேரும் உக்காந்து அந்தப் படகைக் கரை சேத்துட்டு அப்புறமா கொண்டுபோய்க் கொடுங்க, எவ்வளவு நேரம் ஆனாலும் ஓனர் காத்திருப்பாரு. சண்டை போட்டு வட்டமே அடிச்சாலும் பரவாயில்ல.

உடம்பைப் பாத்துக்கோ. கண்ணுக்குச் சொட்டு மருந்து போடு, நாள் பூரா ஸ்க்ரீனையே பாக்குற. மேலதிகாரிகிட்ட எடுத்தெறிஞ்சு பேசாத, அது உங்க அம்மா புத்தி, அது இந்த வீட்டுல ஒருத்தருக்குப் போதும். நீ எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும், கேட்டது கிடைக்கணும், நிம்மதியாத் தூங்கணும், அதுதான் எங்க ரெண்டு பேரோட வேண்டுதலும் ஆசீர்வாதமும். மறக்காம லீவுக்கு எழுதிக் கொடு. வர்ற தேதியை என்கிட்ட சொல்லாத, இந்தவாட்டி அவளையே கூப்பிட்டுச் சொல்லு. எதிர்க்கடையிலேர்ந்து கூப்புடுறாங்க எடுங்கன்னு சொல்லுவா, நான் காது கேக்காத மாதிரி இருந்துடுறேன்.

ஷட்டர் இன்னும் ஒரு சாண் தூக்கித்தான் இருக்கு.

உங்க அம்மாவுக்குக் கம்பவுண்டரும்
உனக்கு என்னைக்கும் அப்பாவுமான
நான்